கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்களா? கலர் லைட்டுக்கு மயங்காதீங்க!

சென்னை அண்ணாசாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு ஒரு சனிக்கிழமை மாலை போய்ப் பாருங்கள். கால் வைக்க இடம் இருக்காது. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றியுள்ள சந்துகளிலும் இதே கதைதான்.

ஒரு காலத்தில் ரேடியோ வால்வும், ஸ்பீக்கரும் தேடி வந்தவர்களின் தெரு அது. இன்று கல்லூரி மாணவர்கள் அப்பாவையோ, மாமாவையோ இழுத்துக்கொண்டு வருகிறார்கள். கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"அண்ணே, 50 ஆயிரத்துல ஒரு கேமிங் செட் போட்டுத் தருவீங்களா?"

பதிலும் ஒன்றுதான். "தாராளமா போடலாம் தம்பி. கண்ணாடி கேபினெட், நாலு ஃபேன், எல்லாம் கலர் கலரா எரியும்!"

அங்கேதான் பிடிக்கிறது சனி!

விளையாட்டுக் கம்ப்யூட்டரில் செலவைக் குறைப்பது தப்பில்லை. குறைக்கத்தான் வேண்டும். 50 ஆயிரம் என்பது எத்தனையோ வீடுகளில் பல மாதச் சேமிப்பு. சிலர் தவணைக்கு வாங்குகிறார்கள். சிலர் நகையை வைத்து வாங்குகிறார்கள். ஆனால் எங்கே குறைப்பது என்பதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். குறைக்க வேண்டிய இடத்தில் அள்ளி விடுகிறார்கள். குறைக்கக் கூடாத இடத்தில் கை வைக்கிறார்கள்.

பெட்டிக்குள் பதுங்கும் ஆபத்து

கம்ப்யூட்டருக்குள் எஸ்.எம்.பி.எஸ். என்று ஒரு பெட்டி இருக்கிறது. சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் கரண்ட்டை 12 வோல்ட்டாகவும், 5 வோல்ட்டாகவும் குறைத்து உள்ளே இருக்கும் பாகங்களுக்குப் பங்கு போடுவது அதுதான்.

இதை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. நண்பர்களிடம் காட்டிப் பெருமை அடிக்கவும் முடியாது. ஆகவே பட்ஜெட் இடித்தால் முதலில் பலியாவது இதுதான்.

கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கும் மட்டமான சரக்கு ஒன்றை மாட்டி விடுவார்கள். மேலே "500 வாட்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை நம்பலாமா?

நம்பக் கூடாது! பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். அதில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்ப் என்று போட்டிருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்ப் என்று இருந்தால், 12 பெருக்கல் 16, அதாவது 192 வாட். கிராபிக்ஸ் கார்டும், ப்ராசஸரும் தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான். அப்படியானால் மேலே எழுதிய 500 யாருக்கு? சீட்டு ஒட்டியவருக்கே வெளிச்சம்!

ஓர் உதாரணம். 2021-ல் வந்த ஆர்.எக்ஸ். 6600 கார்டு 132 வாட் தின்னும். ரைசன் 5 5600 ப்ராசஸருக்கு முழு வேலையில் 76 வாட் என்று வையுங்கள். போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாவற்றுக்கும் 50 வாட். மொத்தம் 258. இதை 192 வாட் கொடுக்கும் பெட்டியில் மாட்டினால் என்ன ஆகும்?

விளையாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் பொத்தென்று அணையும். அது நல்ல காலம். கெட்ட காலமாக இருந்தால், அணைக்க வேண்டிய பாதுகாப்புச் சுற்றே உள்ளே இருக்காது. எஸ்.எம்.பி.எஸ். வெடித்து, போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். 1,500 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 30 ஆயிரம் ரூபாய் சரக்கு சாம்பல்!

750 வாட்டும் வேண்டாம்

இதைக் கேட்டுவிட்டு மறுபக்கம் ஓடுகிறவர்களும் உண்டு. "எதுக்கு வம்பு, 750 வாட்டே போட்டுடுவோம்" என்பார்கள். அதுவும் வீண் செலவுதான்.

மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். 258 வாட் தின்னும் செட்டுக்கு நேர்மையான 450 அல்லது 500 வாட் பெட்டியே தாராளம்.

"80 பிளஸ்" என்ற முத்திரையைக் காட்டிக் கடைக்காரர் பேசுவார். அந்த முத்திரை 2004-ல் வந்தது. கரண்ட்டை வீணாக்காமல் எவ்வளவு திறமையாக மாற்றுகிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. வெடிக்காது என்பதற்குச் சான்று அல்ல. ஆகவே முத்திரையோடு சேர்த்து உத்தரவாதம் எத்தனை வருடம் என்று கேளுங்கள். 5 வருடம் கொடுக்கிற கம்பெனிக்குத் தன் சரக்கு மேல் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. தனியாக விற்கும் எஸ்.எம்.பி.எஸ்.களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு கட்டாயம். "ஆர்" என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் பெட்டி மேல் இருக்க வேண்டும். அமைவனத்தின் "பி.ஐ.எஸ். கேர்" செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா, டூப்ளிகேட்டா என்று தெரிந்துவிடும். கடை வாசலிலேயே பார்க்கலாம். காசா பணமா?

எர்த் இல்லாத வீடு

நம்ம ஊர்ப் பழைய வாடகை வீடுகளில் மூணு முளை பிளக் பாயிண்ட் இருக்கும். ஆனால் மூணாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் கம்பி இருக்காது!

எர்த் இல்லாவிட்டால் எஸ்.எம்.பி.எஸ்.சுக்குள் கசியும் சிறு மின்சாரம் கேபினெட் தகரத்தில் வந்து நிற்கும். கை பட்டால் சுருக்கென்று அடிக்கும். "கம்ப்யூட்டர் ஷாக் அடிக்குது" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால், ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கலர் ஃபேன் இரண்டைக் குறைத்தால் அந்தக் கூலிக்குக் காசு வந்துவிடும்.

யூ.பி.எஸ். விஷயத்திலும் இதே ஏமாற்றம்தான். 600 வி.ஏ. என்றால் 600 வாட் அல்ல. பெரும்பாலும் 360 வாட்தான். அதில் மானிட்டரும் சேர வேண்டும். கரண்ட் போனால் சேமித்துவிட்டு அணைக்கத்தான் அது. ஆட்டத்தைத் தொடர அல்ல!

எங்கே குறைக்கலாம்?

சரி, வேறெங்கே குறைப்பது?

முதல் வெட்டு, விளக்குக்கு. கலர் லைட் ஃபேன், கண்ணாடிக் கேபினெட், லைட் எரியும் ராம், இவற்றில் ஒன்றுகூட விளையாட்டை ஒரு துளி வேகப்படுத்தாது. முன்பக்கம் வலை போட்ட, காற்று உள்ளே போகிற சாதாரணக் கேபினெட் போதும். சென்னை வெயிலுக்கு முன்பக்கம் கண்ணாடி போட்டு அடைப்பது, கோடையில் கம்பளி போர்த்துவது மாதிரி.

இரண்டாவது வெட்டு, தண்ணீர் கூலருக்கு. ரைசன் 5 5600, இன்டெல் கோர் ஐ3 12100எஃப் போன்றவற்றின் அட்டைப் பெட்டியிலேயே ஃபேன் சேர்ந்து வருகிறது. அதுவே போதும். பெட்டி இல்லாமல் "டிரே" சரக்கு வாங்கினால் அந்த ஃபேன் வராது. அதைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இன்டெல் ப்ராசஸர் பெயரின் கடைசியில் "எஃப்" என்று இருந்தால் அதில் படம் காட்டும் வசதி கிடையாது. தனி கார்டு இல்லாமல் மானிட்டரில் ஒன்றும் தெரியாது. "கார்டு அடுத்த மாசம் வாங்கிக்கிறேன்" என்கிறவர்கள் அதைத் தொடவே கூடாது.

அப்படிப்பட்டவர்களுக்கு ரைசன் 5 5600ஜி மாதிரி, படம் காட்டும் வசதி சேர்ந்த ப்ராசஸர் இருக்கிறது. வேலோரன்ட், கவுண்டர் ஸ்டிரைக் போன்ற ஆட்டங்களைக் குறைந்த அமைப்பில் ஆடலாம். காசு சேர்ந்த பிறகு கார்டு மாட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது வெட்டு, 4கே ஆசைக்கு. சாதாரண 1080 மானிட்டரில் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். 4கே மானிட்டரில் அதைப் போல் சரியாக நாலு மடங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் கார்டு வேலை செய்தாக வேண்டும். பட்ஜெட் கார்டு நாக்குத் தள்ளும். 1080-ஓடு நிறுத்திக்கொண்டால் மானிட்டரிலும் மிச்சம், கார்டிலும் மிச்சம்.

நூறு ரூபாயில் பங்கு

மானிட்டர் நீங்கலாக மொத்தச் செலவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு 40. ப்ராசஸரும் போர்டும் சேர்த்து 27. ராமும் எஸ்.எஸ்.டி.யும் 20. எஸ்.எம்.பி.எஸ்.சுக்கு 8. கேபினெட்டுக்கு 5. இதுதான் நியாயமான பங்கு என்பது நம் கட்சி.

50 ஆயிரம் ரூபாய் செட்டில் எஸ்.எம்.பி.எஸ்.சுக்கு 4 ஆயிரம், கேபினெட்டுக்கு 2,500 வருகிறது. கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் கேபினெட் விலை எஸ்.எம்.பி.எஸ்.சை விட அதிகமாக இருந்தால், பேனாவைப் பிடுங்கி நீங்களே அடித்துத் திருத்துங்கள்!

விலை ஏறும், இறங்கும். 2025 கடைசி மாதங்களில் ராம் விலை ஏறிய வேகம் தங்கத்தையே தோற்கடித்தது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டும் பெரிய பெரிய கணினி மையங்கள் மெமரி சில்லுகளை மூட்டை மூட்டையாக அள்ளியதுதான் காரணம். சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று கம்பெனிகள்தான் உலக மெமரிச் சந்தையின் பெரும் பகுதியைக் கையில் வைத்திருக்கின்றன. அதில் மைக்ரான், பொதுமக்களுக்கு விற்றுவந்த தன் "குரூஷியல்" வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அமெரிக்காவில் கட்டும் மையத்துக்கு ரிச்சி தெரு மாணவன் கப்பம் கட்டுகிறான்!

இந்த நிலைமையில் 32 ஜி.பி. ஆசையை ஒத்திப் போடுங்கள். 16 போதும். எட்டு எட்டாக இரண்டு குச்சி போட்டால் வேகம் கூடும். தனி கார்டு இல்லாதவர்கள் கண்டிப்பாக இரண்டாகத்தான் போட வேண்டும். வீட்டில் பழைய செட் இருந்தால், ராம் அதே வகையா என்று பாருங்கள். டி.டி.ஆர்.4 குச்சி டி.டி.ஆர்.5 போர்டில் ஏறாது.

எஸ்.எஸ்.டி.யை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 150 எம்.பி. போல் படித்தால், சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யே 500-ஐத் தாண்டும். படம், பாட்டு வைக்கப் பழைய ஹார்ட் டிஸ்க்கே போதும். விண்டோஸும் விளையாட்டும் எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும்.

செகண்ட் ஹேண்ட்: கண்ணைத் திறந்து வாங்கு!

செலவைக் குறைக்கச் சிறந்த வழி செகண்ட் ஹேண்ட் சரக்குதான். ஏமாறச் சிறந்த வழியும் அதுதான்!

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை அந்த நாணயத்தைத் தோண்ட, இரவு பகலாகக் கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டினார்கள். ஒரே நாளில் அந்த வேலை நின்றது. ஓடித் தேய்ந்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. ஆர்.எக்ஸ். 580 போன்றவை துடைத்துப் பளபளவென்று கண்ணாடிப் பேப்பரில் சுற்றி வரும். "அப்படியே புதுசு சார்" என்பார்கள்.

தோண்டிய கார்டு எல்லாம் கெட்ட கார்டு அல்ல. ஆனால் அரை மணி நேரம் கண் முன்னால் விளையாட்டை ஓட்டிக் காட்டாமல் காசு கொடுக்காதீர்கள். ஃபேன் கரகரவென்று சத்தம் போடுகிறதா, படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா, இடையில் அணைகிறதா என்று பாருங்கள்.

இதைவிடப் பெரிய மோசடி ஒன்று உண்டு. 2011-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 550 டி.ஐ. கார்டின் உள் நிரலை மாற்றி, "நான் ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ." என்று சொல்ல வைத்து விற்கிறார்கள். விண்டோஸும் அதை நம்பிவிடும். ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவி மட்டும் பெரும்பாலும் இந்த வேஷத்தைக் கண்டுபிடித்து "ஃபேக்" என்று காட்டிக் கொடுத்துவிடும். ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

கம்பெனி ஆபீஸ்கள் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்களும் மலிவாகக் கிடைக்கின்றன. அதில் ஒரு சிறு கார்டை மாட்டினால் பட்ஜெட் கேமிங் செட் தயார். நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு கண்ணி இருக்கிறது.

ஒன்று, அந்த ஆபீஸ் பெட்டிகளின் எஸ்.எம்.பி.எஸ். பல சமயம் தனி அளவு. வேறு மாட்ட முடியாது. ஆகவே தனியாகக் கரண்ட் கம்பி கேட்காத, 75 வாட்டுக்குள் ஓடும் கார்டு வேண்டும். ஜி.டி.எக்ஸ். 1650-ல் பல மாடல்கள் அப்படி. சில மாடல்கள் ஆறு முளைக் கம்பி கேட்கும். பார்த்து எடுங்கள். கேபினெட் ஒல்லியாக இருந்தால் கார்டும் குள்ளமாக இருக்க வேண்டும்.

இரண்டு, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தன் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல்லில் எட்டாவது தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். "நாலாவது தலைமுறை ஐ5 சார், ராக்கெட் மாதிரி போகும்" என்று தலையில் கட்டுவார்கள். ராக்கெட் எங்கே போகும் என்பதுதான் கேள்வி!

பில் இல்லாமல் வாங்காதே!

"பில் வேணுமா, வேணாமா? பில் போட்டா 18 பர்சென்ட் ஆகும்."

இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. 50 ஆயிரம் ரூபாய் சரக்குக்கு 9 ஆயிரம் மிச்சம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் யோசியுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கும் ப்ராசஸருக்கும் பெரும்பாலும் மூன்று வருட உத்தரவாதம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது பில்தான். பில் இல்லாதவன் வாய் இல்லாதவன். வெளிநாட்டில் இருந்து குறுக்கு வழியில் வந்த சரக்காக இருந்தால் இங்கே உத்தரவாதமே கிடையாது.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். கடைக்காரர் தயவாகக் கொடுப்பது அல்ல பில். நம் உரிமை. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமே இல்லை.

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு

எல்லாப் பழியையும் கடைக்காரர் தலையில் போடுவது சரியல்ல.

"ப்ராசஸர்ல எனக்கு என்ன சார் நிக்குது? ஆன்லைன் விலையைப் போன்ல காட்டி, அதே விலைக்குக் கேக்குறாங்க. கேபினெட்லயும் எஸ்.எம்.பி.எஸ்.லயும்தான் நாங்க நாலு காசு பாக்குறோம்" என்பது அவர்கள் வாதம். அது பொய் அல்ல.

ஆகவே நாமும் நியாயமாக இருக்க வேண்டும். செட் போட்டுத் தர, சோதித்துத் தர, கோளாறு வந்தால் பார்த்துத் தர ஒரு கூலி உண்டு. அதைத் தனி வரியாக எழுதி வாங்கட்டும். நாமும் முகம் சுளிக்காமல் கொடுப்போம். கூலியை மறைத்து மட்டமான எஸ்.எம்.பி.எஸ்.சில் எடுப்பதை விட, கூலியைக் கூலியாகவே வாங்குவது இரண்டு பேருக்கும் மரியாதை.

அதோடு ஒவ்வொரு கடையும் ஒரு காரியம் செய்ய வேண்டும். "கேமிங் செட் - 1" என்று ஒற்றை வரி எழுதாமல், ஒவ்வொரு பாகத்தின் கம்பெனி, மாடல், வரிசை எண், உத்தரவாதம் ஆகியவற்றைத் தனித்தனியாக பில்லில் போட வேண்டும். வியாபாரிகள் சங்கங்களே இதை ஒரு விதியாக வைத்தால், நாணயமான கடைக்காரர்தான் முதலில் லாபம் அடைவார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"விளையாடுறதுக்கு 50 ஆயிரமா?" என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதே கம்ப்யூட்டரில்தான் வீடியோ வெட்டலாம், கட்டட வரைபடம் போடலாம், புரோகிராம் எழுதலாம் என்று பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் சூதாட்டம் வேறு, இது வேறு. அதை 2025-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.

வாங்கித் தருவதா, வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம். ஆனால் வாங்குவது என்று முடிவானால் கூடவே போங்கள். உங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 12-ஆல் பெருக்கத் தெரிந்தால் போதும்.

தம்பிகளே, உங்களுக்கும் ஒன்று. விளையாட்டைத் திருட்டு சைட்டில் இறக்காதீர்கள். கூடவே வைரஸும் இறங்கும். எபிக் கேம்ஸ் கடையில் வாராவாரம் ஒரு விளையாட்டாவது இலவசமாகத் தருகிறார்கள். ஸ்டீம் கடையில் தள்ளுபடி வரும்வரை பொறுத்தால், பழைய நல்ல ஆட்டங்கள் ஒரு பிரியாணி விலைக்குக் கிடைக்கும்.

கடையில் செட் போட்டு முடித்ததும் லைட் எரிகிறதா என்று பார்க்காதீர்கள். வீடு எரியாமல் இருக்குமா என்று பாருங்கள்!